பவர் வீல்சேர் ஓட்டுகிறவர்களே, கடைக்காரர் சொல்லாமல் விட்டதைச் சொல்லுங்கள்

கும்பகோணத்து மகன்:
அப்பாவுக்குத் தண்டுவடத்தில் அடிபட்டதிலிருந்து கையால் உருட்டும் நாற்காலிதான் வைத்திருந்தார். தோள் வலி தாங்க முடியாமல் இப்போது பேட்டரி வண்டிக்கு மாறியிருக்கிறோம். ஜாய்ஸ்டிக்கை முன்னால் தள்ளினால் போகும், விட்டால் நிற்கும் என்று காட்டிவிட்டுக் கடையில் கையேட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கையேட்டில் பாதி எச்சரிக்கை, மீதி படம். ஓட்டிப் பழகியவர்கள் நடந்ததை நடந்தபடி எழுதினால் உதவியாக இருக்கும். எங்கள் வண்டியில் பின்சக்கரம் காற்று டயர், பேட்டரி லெட்-ஆசிட். வாசலில் மூன்று படி இருக்கிறது. ஆறடிப் பலகை ஒன்று போட்டுச் சாய்வாக்கலாம் என்று யோசனை.

பெரம்பூர்:
தம்பி, ரோட்டில் என்ன ஆகுமோ என்றுதான் புதிதாக வாங்குகிறவர்கள் எல்லோரும் பயப்படுகிறார்கள். எனக்கும் என்னைப் போன்ற நண்பர்களுக்கும் அடிபட்டது பெரும்பாலும் வண்டி நின்றுகொண்டிருந்தபோதுதான். ஓடாமல் நிற்கும், ஆனால் பவர் ஆனில் இருக்கும். அந்த நேரம்தான் மோசமான நேரம்.

என்னைக் கட்டிலுக்கு மாற்ற வந்த பெண் இரண்டு கைகளாலும் என்னைத் தூக்கினார். அவர் இடுப்பு ஜாய்ஸ்டிக்கில் பட்டது. வண்டி கட்டிலை நோக்கிப் பாய்ந்து, கால் வைக்கும் தட்டு அவர் கணுக்காலில் ஏறிவிட்டது. நான் பாதி வண்டியிலும் பாதி காற்றிலும் இருந்தேன். இன்னொரு நண்பர் வீட்டில் பேரன் மடியில் ஏறுவதற்கு அந்தக் கம்பியைத்தான் பிடித்தான். அவனுக்கு அது கைப்பிடி. சாப்பாட்டு மேசையின் விளிம்புக்குக் கீழே ஜாய்ஸ்டிக் போய் மாட்டிக்கொள்வதும் உண்டு.

அதனால் என் வீட்டில் ஒரே சட்டம்: வண்டி நின்றதும் பவர் ஆஃப். காபி டம்ளரை வாங்குவதற்கு முன்னால்கூட ஆஃப். மாற்றிவிட வருகிறவர்கள் முதலில் பவர் விளக்கு அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் என்னைத் தொடுவார்கள். ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆன் செய்யும்போது ஜாய்ஸ்டிக் நடுவில் இல்லாவிட்டால் பெரும்பாலான வண்டிகள் ஓட மறுத்து விளக்கை மினுக்கும். பழுது என்று பதற வேண்டாம். கையை எடுத்துவிட்டு, அணைத்து, திரும்பப் போட்டால் சரியாகிவிடும்.

அப்புறம் வெயில். அப்பாவுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை என்றால் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். மே மாதம் வெளியில் நிறுத்திய வண்டியின் கறுப்பு ரெக்சினும் இரும்பும் தோலைப் பொசுக்கும். நமக்குத் தெரியவே தெரியாது, சாயங்காலம் துணி மாற்றும்போதுதான் கொப்புளம் தெரியும். உட்கார வைக்குமுன் வேறொருவர் கையை வைத்துப் பார்க்க வேண்டும்.

கோவை, அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் மகள்:
பெரம்பூர் அண்ணா சொன்னதோடு கிளட்ச் லீவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மோட்டாருக்குப் பக்கத்தில் இருக்கும், பவர் இல்லாமல் வண்டியைத் தள்ளுவதற்கானது.

எங்கள் குடியிருப்பில் கீழ்த்தளக் கார் நிறுத்தத்துக்கு ஒரு சரிவு உண்டு. அம்மா அதன் உச்சியில் நின்றுகொண்டிருந்தார். வாட்ச்மேன் அண்ணன் நல்ல மனசோடு "நான் பிடிச்சுக்கிறேன்மா" என்று வந்தார். தள்ளிப் பார்த்தார், நகரவில்லை. யாரோ சொல்லிக் கொடுத்த ஞாபகத்தில் லீவர் இரண்டையும் திருப்பிவிட்டார். அம்மாவும் வண்டியும் சேர்ந்து நூற்றைம்பது கிலோவுக்குக் குறையாது. அவரால் பிடித்து நிறுத்த முடியவில்லை. கீழே சுவரில் மோதியதில் கால்தட்டு வளைந்தது. அம்மா பெல்ட் போட்டிருந்ததால் முன்னால் விழாமல் தப்பினார்.

பிறகு வண்டியைச் சரிசெய்ய வந்தவர் விளக்கினார். இந்த வண்டிகளின் பிரேக் ஸ்பிரிங்கால் எப்போதும் பிடித்துக்கொண்டே இருக்கும். ஓடும்போது மின்சாரம் வந்துதான் அதை விடுவிக்கும். எனவே பேட்டரி செத்தாலும், ஒயர் அறுந்தாலும் வண்டி நிற்கும், உருளாது. ஆனால் அந்த லீவரைத் திருப்பினால் பிரேக் முழுவதுமாகக் கழன்றுவிடும். வேறு பிரேக் கிடையாது. இப்போது லீவர் மேல் சிவப்பு நாடா ஒட்டி, "சமதளத்தில் மட்டும்" என்று எழுதி வைத்திருக்கிறேன். வாட்ச்மேன் அண்ணன் மேல் எனக்கு வருத்தம் இல்லை. உதவ வருகிற யாருக்கும் இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்பதுதான் பயம்.

ஈரோடு பட்டறை:
நான் ஓட்டுகிறவன் இல்லை, பழுது பார்க்கிறவன். மோட்டார் வைண்டிங் கடை வைத்திருந்தேன், அப்படியே இந்த வேலைக்கு வந்துவிட்டேன். என்னிடம் வருவதில் பெரும்பாலானது பேட்டரி விவகாரம்.

12 வோல்ட் பேட்டரி இரண்டு, வரிசையாக இணைத்து 24 வோல்ட். லெட்-ஆசிட்டை முழுக்கக் காலியாக்கிச் சார்ஜ் செய்தால் ஆயுள் கூடும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். தலைகீழ். காலியாக நிற்க நிற்க உள்ளே இருக்கும் தகட்டில் சல்பேட் இறுகிப்போகும். பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் ஏறாது. கொஞ்ச தூரம் ஓட்டினாலும் ராத்திரி சார்ஜில் போடுங்கள். ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார், வண்டி மூலையில் நிற்கிறது என்றாலும் மாதம் ஒரு முறையாவது சார்ஜ் போடுங்கள். மூலையில் கிடந்தே செத்த பேட்டரிகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

மாற்றும்போது இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். ஒன்று நன்றாகத்தானே இருக்கிறது என்று பழையதோடு புதியதைக் கட்டினால் பழையது புதியதையும் இழுத்துக்கொண்டு போகும். யூ.பி.எஸ். பேட்டரி மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒருவர் போட்டுக்கொண்டு வந்தார். அது மின்வெட்டில் எப்போதாவது வேலை செய்வதற்குச் செய்தது. தினமும் ஆழமாக இறக்கி ஏற்றினால் தாங்காது. கார் பேட்டரி அதைவிடத் தப்பு, சாய்ந்தால் ஆசிட் கொட்டும்.

கழற்றும்போது மோதிரம், காப்பு, வளையல் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். ஸ்பானர் இரண்டு டெர்மினலையும் தொட்டால் வெல்டிங் மாதிரிப் பொறி பறக்கும். கழற்றுமுன் போனில் ஒரு படம். சிவப்பு ஒயரும் கறுப்பு ஒயரும் இடம் மாறினால் கன்ட்ரோலர், அதாவது மோட்டாரை இயக்கும் மின்னணுப் பெட்டி, போய்விடும், வண்டியிலேயே விலை கூடிய பொருள்களில் அது ஒன்று.

சார்ஜர் விஷயம். லெட்-ஆசிட் சார்ஜருக்கும் லித்தியம் சார்ஜருக்கும் பல வண்டிகளில் ஒரே மாதிரி மூன்று முனை பிளக். பொருந்துகிறதே என்று மாற்றிச் சொருகாதீர்கள். இரண்டும் மின்சாரத்தை ஏற்றி முடிக்கும் விதம் வேறு. லித்தியம் வைத்திருப்பவர்கள் வெளியே போகும் கதவுக்குப் பக்கத்தில் சார்ஜ் போட வேண்டாம். தீப்பிடித்தால் வழியே அடைபடும். பேட்டரி உப்பினாலோ, வழக்கத்தைவிடச் சுட்டாலோ உடனே நிறுத்துங்கள்.

ரொறன்ரோவிலிருந்து:
நான் யாழ்ப்பாணம், இப்ப இருக்கிறது ஸ்கார்பரோ. வெயில் பற்றி எழுதினதைப் பார்த்துச் சிரிப்பு வந்தது, இங்க எங்களுக்குப் பிரச்சினை மறுபக்கம். குளிரில பற்றரியின்ர சக்தி நல்லாக் குறைஞ்சு போகும். கோடையில போய் வருகிற கடைக்கு ஜனவரியில போனால் திரும்பி வருகிறதுக்குள்ள விளக்கு சிவப்பாகிவிடும். லித்தியம் பற்றரியைப் பூச்சியம் டிகிரிக் குளிருக்குக் கீழ சார்ஜ் போடக் கூடாது, உள்ள கொண்டுவந்து சூடேறின பிறகுதான் போட வேணும். ரோட்டில போடுகிற உப்பு அதைவிட மோசம், போல்ட் எல்லாம் கறள் பிடிச்சுப் போகும். வீட்டுக்குள்ள வந்த உடன சக்கரத்தை ஈரத்துணியால துடைச்சு, பிறகு உலர்ந்த துணியால ஒருக்கா.

திருவான்மியூர்:
எங்களுக்கு உப்புக்காற்று வருடம் முழுக்க, அண்ணா. அதனால் துடைக்கும் பழக்கம் இங்கேயும் உண்டு.

மெரினாவில் மரப்பாதை 2022 நவம்பரில் திறந்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதை உடைத்துப்போட்டு, பிறகு சரிசெய்தார்கள். அந்தப் பாதையில் ஓட்டலாம். பாதை முடியும் இடத்தில் ஆசைப்பட்டு மணலில் இறங்காதீர்கள். சக்கரம் புதையும், மோட்டார் திணறும், கன்ட்ரோலர் தன்னைக் காத்துக்கொள்ள மின்சாரத்தை நிறுத்திவிடும். நண்பர் ஒருவரை வண்டியோடு நாலு பேர் தூக்கி மேலே வைத்தார்கள். மணல் துகள் முன்சக்கர பேரிங்கில் புகுந்து, பிறகு வெகுநாள் கரகரவென்றது.

மழைக்கு: ஜாய்ஸ்டிக்கின் அடியில் ரப்பர் உறை இருக்கும், மடிப்பு மடிப்பாக. அதில் கீறல் விழுந்தால் தண்ணீர் நேராகச் சர்க்யூட்டில். மழைக்காலத்துக்கு முன்னால் பார்த்துவிடுங்கள், கிழிந்திருந்தால் மாற்றுங்கள். மழையில் மாட்டிக்கொண்டால் ஒரு பாலிதீன் பையைத் தளர்வாகப் போட்டுக் கட்டினால் வீடு வந்து சேரலாம். ஆனால் தேங்கிய தண்ணீரில் மட்டும் வேண்டாம். மோட்டாரும் ஒயர்களும் தாழ்வாக இருக்கின்றன, குழி எங்கே என்றும் தெரியாது. கழுவுவதற்கு ஹோஸ் பைப் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா? எங்கள் வீட்டில் சொல்ல வேண்டியிருந்தது.

நிலக்கோட்டை:
எங்கள் வீட்டில் பூக்கட்டுகிறோம். தரையெல்லாம் நார், நூல். அக்கா வண்டியின் முன்சக்கரம் திரும்ப மறுக்கிறது என்று ஆளைக் கூப்பிட்டோம். அவர் கத்தரிக்கோலால் அச்சிலிருந்து வாழைநாரும் தலைமுடியும் ஒரு கைப்பிடி எடுத்தார். வேறு எந்தப் பழுதும் இல்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமையானால் நானே எடுத்துவிடுகிறேன். துப்பட்டா, முந்தானை இரண்டையும் மடியில் சொருகிக்கொண்டுதான் அக்கா கிளம்புவாள்.

அடிக்கடி பறப்பவர்:
விமானத்துக்கு வருகிறேன். லித்தியம் என்றால் வோல்ட்டையும் ஆம்பியர்-அவரையும் பெருக்கிப் பாருங்கள். 24 வோல்ட், 10 ஆம்பியர்-அவர் என்றால் 240 வாட்-அவர். பேட்டரி கழற்றும் மடக்கு வண்டியானால் ஒரு பேட்டரிக்கு 300 வாட்-அவர் வரை, இரண்டு பேட்டரி வண்டியானால் ஒவ்வொன்றும் 160 வரை அனுமதி. கழற்றிய பேட்டரி உங்களோடு கேபினுக்குள் வர வேண்டும், டெர்மினலில் டேப் ஒட்டி. கழற்றும் வண்டியில் 24 வோல்ட், 20 ஆம்பியர்-அவர் ஒற்றைப் பேட்டரி என்றால் 480 ஆகிவிடும், கணக்கிலேயே நிற்காது, அதை நம்பி டிக்கெட் போடாதீர்கள். சிந்தாத லெட்-ஆசிட் வண்டியில் உறுதியாகப் பொருத்தியிருந்தால் அப்படியே சரக்கறைக்குப் போகும். டிக்கெட் போட்டதும் விமான நிறுவனத்துக்குத் தகவல் கொடுங்கள், பேட்டரி லேபிளின் படம் போனில் இருக்கட்டும். ஒருமுறை கவுன்ட்டரில் "பேட்டரியா, கூடாது" என்று ஆரம்பித்தவரை வாதாடி அல்ல, அந்த லேபிளைக் காட்டித்தான் சமாளித்தேன். ஜாய்ஸ்டிக் கழலும் என்றால் கழற்றிக் கையோடு வைத்துக்கொள்வது நல்லது. சாமான் ஏற்றுகிறவர்கள் அதைப் பிடித்துத் தூக்குவார்கள்.

பெரம்பூர்:
கும்பகோணம் தம்பி, உங்கள் ஆறடிப் பலகை என் மனசை உறுத்துகிறது. மூன்று படி என்றால் சுமார் 18 அங்குல உயரம். ஆறடிப் பலகை போட்டால் சரிவு 14 டிகிரியைத் தாண்டும். நிறைய வண்டிகளின் கையேட்டில் பத்துக்குள்தான் சொல்லியிருப்பார்கள், உங்களுடையதில் பாருங்கள். கட்டட விதியில் சொல்வது ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். உங்களுக்குப் பதினெட்டு அடி வேண்டும்.

கும்பகோணத்து மகன்:
பதினெட்டு அடி என்றால் தெருவுக்கே வந்துவிடுமே அண்ணா.

பெரம்பூர்:
நேராகப் போட வேண்டாம். திண்ணை ஓரமாகப் பாதி தூரம் ஏற்றி, ஐந்தடிக்கு ஐந்தடி சமதளம் விட்டு, திருப்பி மீதியை ஏற்றுங்கள். பலகை வேண்டாம், சிமெண்ட் போடுங்கள், சொரசொரப்பாக. இரண்டு ஓரத்திலும் நாலு அங்குலக் கரை கட்டச் சொல்லுங்கள், முன்சக்கரம் நழுவாது. எங்கள் பக்கத்து வங்கியில் கட்டியிருக்கும் சாய்வுதளம் பேருக்குக் கட்டிய ஒன்று, அதில் நான் ஏறுவதே இல்லை.

ஏறும்போது நேராக ஏற வேண்டும், நடுவில் குறுக்கே திரும்பக் கூடாது. பின்னால் இருக்கும் இரண்டு குட்டிச் சக்கரங்கள் தட்டுகின்றன என்று கழற்றச் சொல்வார்கள். கழற்றாதீர்கள். மல்லாந்து விழாமல் பிடிப்பது அவைதான். அவை தட்டினால் சாய்வுதளம் செங்குத்து என்று அர்த்தம்.

கும்பகோணத்து மகன்:
கொத்தனாரிடம் பேசிவிட்டேன், திண்ணை ஓரமாகவே வருகிறது. இன்னொரு சந்தேகம். வண்டி நேராகப் போகச் சொன்னால் இடது பக்கமாக இழுக்கிறது. புது வண்டிதான். மோட்டார் கோளாறா?

ஈரோடு பட்டறை:
மோட்டாருக்குப் போகுமுன் காற்றைப் பாருங்கள் தம்பி. ஒரு டயரில் குறைந்தால் அந்தப் பக்கம் இழுக்கும். எத்தனை பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) என்று டயரின் பக்கத்திலேயே பொறித்திருக்கும். பெட்ரோல் பங்க் குழாயில் அடிக்காதீர்கள், சின்ன டயர், கண்மூடித் திறப்பதற்குள் வெடிக்கும். அளவுமானி வைத்த கால்பம்ப் போதும். பஞ்சர் என்றால் கடைக்காரரிடம் ஒன்று சொல்லுங்கள்: இந்தச் சக்கரங்கள் பலவற்றில் ரிம் இரண்டு பாதியாகப் போல்ட் போட்டு இணைத்தது. காற்றை முழுக்க இறக்காமல் அந்தப் போல்ட்டைத் தொட்டால் ரிம் பிளந்து முகத்தில் அடிக்கும். இரண்டிலும் ஒரே அளவு அடித்த பிறகும் இழுத்தால் முன்சக்கரம் இரண்டும் தடையில்லாமல் சுழல்கிறதா பாருங்கள், கிளட்ச் லீவர் இரண்டும் முழுதாக உள்ளே போயிருக்கிறதா பாருங்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் விளக்கு எத்தனை முறை மினுக்குகிறது என்று எண்ணி இங்கே எழுதுங்கள், வாரண்டி இருக்கும்போது நீங்களாகத் திறக்க வேண்டாம்.