படபடப்போடு நேருக்கு நேர் நின்ற அந்த ஒரு கணம்: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

கணக்கர்

இங்கே எழுதுகிறவர்களுக்குப் படபடப்பு எப்படி இருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஈசிஜி, எக்கோ எல்லாம் எடுத்துப் பார்த்து, இதயத்தில் குறை ஏதும் இல்லை என்று மருத்துவர் உறுதியாகச் சொன்ன பிறகும், கூட்டங்களில் நான் பேச வேண்டிய முறை நெருங்கும்போதெல்லாம் இரண்டு விரல்கள் தாமாகவே சட்டைக் காலருக்குள் நுழைந்து கழுத்து நாடியைத் தேடும். ஒருமுறை பக்கத்தில் இருந்தவர் குனிந்து, “கழுத்து வலிக்கிறதா சார்?” என்று கேட்டார்.

இதை உளவியல் ஆலோசகரிடம் சொன்னபோது அவர் ஆறுதலாக ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. என்னை மாடிப்படிக்கு அழைத்துச் சென்று, கூட்டத்தில் வரும் அதே துடிப்பு வரும்வரை வேகமாக ஏறி இறங்கச் சொன்னார். நெஞ்சு அடித்துக்கொண்டது, மூச்சு வாங்கியது, உள்ளங்கை வியர்த்தது. கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றவனிடம், “இப்போது பயம் நூற்றுக்கு எவ்வளவு?” என்று கேட்டார். பூஜ்யம் என்றேன். கூட்டத்தில் எவ்வளவு என்று கேட்டார். தொண்ணூறு என்றேன். “இரண்டு இடத்திலும் இதயம் ஒன்றுதானே?” என்று மட்டும் கேட்டுவிட்டு அவர் முன்னால் இறங்கிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு கழுத்தைத் தொடுவது பெருமளவு குறைந்திருக்கிறது. ஆனாலும் படிக்கட்டில் வெறும் களைப்பாகத் தெரிந்த ஒன்று, நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது ஏன் மரணத்தின் முன்னறிவிப்பாகத் தெரிந்தது என்ற கேள்வி என்னை விடுவதாக இல்லை.

மாலைநிழல்

கணக்கர் ஐயா கேட்கும் கேள்விக்கு டேவிட் கிளார்க் என்ற உளவியலாளர் 1986-இலேயே விடை சொல்லியிருக்கிறார். உடலில் எழும் சாதாரண உணர்வு ஒன்றை மனம் பேராபத்தாகப் பொருள்கொள்கிறது. அந்தப் பொருளால் பயம் கூடுகிறது. பயம் கூடியதால் அதே உணர்வு இன்னும் வலுக்கிறது. படிக்கட்டில் துடிப்புக்குக் காரணம் கண்முன்னே இருந்ததால் மனம் வேறு காரணம் தேடவில்லை. நாற்காலியில் காரணம் தெரியாததால் தானாகவே ஒன்றைக் கற்பித்துக்கொண்டது.

என்னுடைய பயம் மயக்கத்தைப் பற்றியது. நீண்ட வரிசையில் நிற்கும்போது தலை கிறுகிறுக்கும், விரல் நுனிகள் மரத்துப்போகும், விழுந்துவிடுவேன் என்று தோன்றும். அதனால் சுவரோ கம்பியோ கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் மட்டுமே வரிசையில் நிற்பேன். தேவைக்கு மேல் மூச்சு வாங்கும்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் சற்றே சுருங்குவதால்தான் அந்தக் கிறுகிறுப்பு வருகிறது என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். மயக்கத்துக்கு இரத்த அழுத்தம் சரிய வேண்டும். பதற்றத்திலோ அது ஏறுகிறது. ஆகவே பதற்றத்தில் எவரும் மயங்கி விழுவதில்லை.

ஆனால் படித்ததால் மட்டும் எதுவும் மாறிவிடவில்லை. ஒரு நாள் கட்டணம் செலுத்தும் வரிசையில் நிற்கும்போது, “கம்பியை விட்டால் ஐந்து நிமிடத்துக்குள் விழுவேன், நம்பிக்கை 85 சதவீதம்” என்று ஒரு சீட்டில் எழுதிக் கைப்பையில் போட்டுக்கொண்டு கையை எடுத்துவிட்டேன். துருப்பிடித்த அந்த இரும்புக் கம்பியில் என் ஐந்து விரல்களின் ஈரத்தடம் அப்படியே பதிந்திருந்தது. அது ஓரத்திலிருந்து உள்நோக்கிச் சுருங்கிக் காய்ந்து மறையும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் இருந்தவர், “நகருங்கள் அம்மா” என்றபோதுதான் வரிசை எனக்கு முன்னால் வெகுதூரம் போய்விட்டிருந்தது தெரிந்தது.

ஊசிக்குப்பயந்தவன்

சகோதரி எழுதியதில் ஒரு வாக்கியத்தை மறுக்காமல் இருக்க முடியவில்லை. “பதற்றத்தில் எவரும் மயங்கி விழுவதில்லை” என்று பொத்தாம்பொதுவாக எழுதுவது சரியன்று. இரத்தத்தையும் ஊசியையும் காயத்தையும் கண்டு அஞ்சுகிறவர்களுக்கு முதலில் இரத்த அழுத்தம் ஏறி, பிறகு சடாரென்று சரிகிறது. நாங்கள் உண்மையாகவே விழுகிறோம். பரிசோதனைக்கு இரத்தம் கொடுக்கப் போய் நாற்காலியோடு சரிந்து புருவத்தில் தையல் போட்டுக்கொண்டவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். எங்களைப் போன்றவர்களிடம் “உடலைத் தளர்த்திக்கொள்ளுங்கள்” என்று சொல்வது விழுவதற்கு வழி காட்டுவதாகவே முடியும்.

லார்ஸ்-யோரான் ஓஸ்ட் என்ற சுவீடன் நாட்டு உளவியலாளர் இதற்கு நேர்மாறான ஒரு பயிற்சியை வகுத்தார். கை, தொடை, வயிற்றுத் தசைகளைப் பத்துப் பதினைந்து விநாடி இறுக்கிப் பிடிக்க வேண்டும். முகத்தில் சூடு ஏறுவது தெரிந்ததும் விட வேண்டும். முற்றிலும் துவண்டுவிடாமல் அரை நிமிடம் இயல்பாக இருந்துவிட்டு மீண்டும் இறுக்க வேண்டும். ஊசி குத்தப்படும் கையை மட்டும் தளர்வாக வைத்துக்கொள்ள வேண்டும்.

அண்மையில் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். ரப்பர் பட்டையைக் கட்டிய செவிலியர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஏன் சார், என் மேல் கோபமா?” என்றார். முகம் அவ்வளவு சிவந்திருந்தது போலும். சிரிப்பு வந்து இறுக்கம் குலைவதற்குள் குழாய் நிரம்பிவிட்டது. குழாயை நான் பார்த்தேன் என்பதை வீட்டில் இன்னும் ஒருவரும் நம்பவில்லை.

மாலைநிழல்

திருத்தத்துக்கு நன்றி. இரத்தமும் ஊசியும் சம்பந்தப்படாத பதற்றத்தைப் பற்றியே எழுதினேன். அதை அப்படியே எழுதியிருக்கலாம்தான். இருந்தாலும் வரிசையில் நிற்கிறவர்களை உங்கள் திருத்தம் பயமுறுத்தாமல் இருக்க வேண்டும்.

அனுபவசாலி

என் அனுபவம் சிறியது. வெளியூரில் இருக்கும் மகள் இரவில் தொலைபேசியை எடுக்கவில்லையென்றால் மறு அழைப்பு வரும்வரை எனக்கு உயிர் போய் உயிர் வரும். ஒருநாள் தொடர்ந்து அழைத்துக்கொண்டே இருந்தேன். காலையில் அவள் பேசும்போது, “அப்பா, நீங்கள் அழைத்ததைப் பார்த்து யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று நான் நடுங்கிப்போனேன்” என்றாள். அவள் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

இதைப் படிக்கிற இளையவர்களுக்குச் சில யோசனைகளைச் சொல்ல விரும்புகிறேன். கவலைப்படாதே என்று மனத்துக்குக் கட்டளையிடுவதால் பயனில்லை. 1987-இல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் நடத்திய சோதனையில், வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்காதீர்கள் என்று சொல்லப்பட்டவர்களால் அதை நினைக்காமல் இருக்க முடியவில்லை என்பது தெரியவந்தது. ஆகவே கவலையை விரட்டாமல் தள்ளிப்போடுங்கள். உளவியலாளர் தாமஸ் பார்க்கோவெக்கும் உடன் ஆய்வாளர்களும் 1983-இல் எழுதிய முறைப்படி, நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், அரை மணி நேரத்தைக் கவலைக்கென்றே ஒதுக்குங்கள். மற்ற வேளைகளில் கவலை எழுந்தால், அதை ஒரு தாளில் குறித்துவிட்டு, கையில் இருக்கும் வேலைக்குத் திரும்புங்கள். அந்த நேரம் வரும்போது பாதிக் கவலைகளுக்கு உட்கார்ந்து யோசிக்கும் தகுதியே இருக்காது. படுக்கையை அந்த இடமாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

எஞ்சியிருப்பவற்றுக்கு மனநல மருத்துவர் ஆரன் பெக் வழியில் வந்த சிந்தனைப் பதிவேடு உதவும். மனச்சோர்வுக்காக 1960-களில் அவர் உருவாக்கிய சிகிச்சைதான் பிறகு பதற்றத்துக்கும் விரிவுபடுத்தப்பட்டது. என்ன நடந்தது, அப்போது தானாக எழுந்த எண்ணம் என்ன, அதை எந்த அளவுக்கு நம்பினேன், அதற்குச் சாதகமான ஆதாரம் எது, பாதகமான ஆதாரம் எது, இரண்டையும் எடைபோட்டால் நியாயமாக என்ன சொல்லலாம் என்று பத்தி பிரித்து எழுதுங்கள். எண்ணத்தைக் கேள்வியாக எழுதாதீர்கள். “அவளுக்கு ஏதாவது ஆகியிருக்குமோ?” என்பதற்கு ஆதாரம் தேட முடியாது, “அவளுக்கு விபத்து நேர்ந்துவிட்டது” என்று கூற்றாக எழுதினால்தான் அதைச் சோதிக்க முடியும். ஊகத்தை ஆதாரப் பத்தியில் எழுதுவதையும் விட்டுவிடுங்கள். “எனக்கு அப்படித் தோன்றியது” என்பது ஆதாரம் ஆகாது.

இவை எல்லாவற்றுக்கும் முன்னதாக உடலையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். தைராய்டு சுரப்பு மிகுந்தாலும், காபி அளவுக்கு மீறினாலும் இதே படபடப்பு வரும். பதற்றத்தின் அளவைக் கணிக்கும் ஜிஏடி-7 என்ற வினாத்தாளில் ஏழு கேள்விகள் இருக்கின்றன. கடந்த இரண்டு வாரங்களை நினைத்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் இட வேண்டும். கூட்டினால் 10 அல்லது அதற்கு மேல் வருகிறவர்கள் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. மேலும் தூக்கம், நடைப்பயிற்சி ஆகியவற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவற்றைத் தனியே எழுதுகிறேன்.

திருத்திஎழுதுபவள்

ஐயா, தங்கள் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் இங்கே யாரும் யோசனை கேட்டதாகத் தெரியவில்லை. அதிலும் அந்தப் பதிவேட்டைப் பற்றித் தாங்கள் எழுதியிருப்பது, அதை இருபுறமும் நிரப்பிக்கொண்டே பயத்தை அப்படியே வைத்திருக்க முடியும் என்பதை விட்டுவிடுகிறது.

அலுவலகத்தில் ஒரு மின்னஞ்சலை அனுப்புவதற்கு முன்னால் திரும்பத் திரும்பப் படித்துப் பார்ப்பேன். எண்ணங்களையும் நடத்தையையும் சோதித்து மாற்றும் சி.பி.டி. என்ற சிகிச்சை முறையைக் கற்ற பிறகு, படித்துப் பார்ப்பதோடு ஒவ்வொரு மின்னஞ்சலுக்கும் ஒரு பதிவேட்டையும் நிரப்பத் தொடங்கினேன். ஆதாரங்களை எழுதுவேன், சமநிலையான எண்ணத்தை எழுதுவேன், கொஞ்சம் நிம்மதியாக இருக்கும், அதன்பின் அனுப்புவேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்ற சகோதரிக்கும் எனக்கும் என்ன வேறுபாடு? இத்தகையவற்றைப் பாதுகாப்பு நடத்தைகள் என்கிறார்கள். பால் சல்கோவ்ஸ்கிஸ் என்ற உளவியலாளர் 1991-இல் இதை விளக்கினார். அஞ்சிய ஆபத்து வராதபோது, அது வருவதாகவே இல்லை என்று மனம் எடுத்துக்கொள்வதில்லை. நான் தடுத்ததால்தான் வரவில்லை என்று எடுத்துக்கொள்கிறது. அதனால் எத்தனை முறை தப்பித்தாலும் பயம் அங்கேயே இருக்கிறது. கணக்கர் நாடி பார்த்ததும், தாங்கள் மகளை இரவு முழுவதும் அழைத்ததும் இந்த வகைதான். மூச்சை எண்ணி எண்ணி விடுவதைக்கூட இந்த வேலைக்குப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு.

என் ஆலோசகர் கொடுத்த சோதனை எளிதானது: பதிவேடு இல்லாமல், ஒரே முறை மட்டும் படித்துவிட்டு, வேண்டுமென்றே ஒரு எழுத்துப் பிழையை விட்டு அனுப்ப வேண்டும். “திங்கட்கிழமை” என்பதில் “ங்”கை எடுத்துவிட்டு மேலதிகாரிக்கு அனுப்பினேன். அதற்கு முன்பே, “அவர் சுட்டிக்காட்டுவார், என் மேல் உள்ள நம்பிக்கை போய்விடும்” என்று எழுதித் தேதியும் இட்டு வைத்திருந்தேன். பதில் வரும்வரை நாற்காலியில் உட்காரவே முடியவில்லை. பதில் வந்தது: “சரி.. நன்றி.” அதிலும் “நன்றி”க்கு முன்னால் புள்ளி இரண்டு முறை விழுந்திருந்தது.

நிம்மதி வரும் என்று எல்லாரும் சொல்லியிருந்தார்கள். எனக்கு வந்தது கோபம். இத்தனை காலம் யாருக்காக இவ்வளவு காவல் காத்தேன் என்ற கோபம். அதை எந்தப் பத்தியில் எழுதுவது என்று ஆலோசகரிடம் கேட்டேன். எழுத வேண்டாம், இன்னொரு மின்னஞ்சல் அனுப்புங்கள் என்றார்.

அனுபவசாலி

தூக்கம் பற்றிய பதிவை எழுதவில்லை. மகளை அழைத்ததும் அந்த வகைதான் என்று நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தேன்.

இரண்டாம்பெட்டி

நீங்கள் எல்லாரும் தனியாகவோ ஆலோசகர் துணையுடனோ செய்து பார்த்தவற்றை எழுதியிருக்கிறீர்கள். எனக்குத் தன்முயற்சி மட்டும் போதவில்லை என்பதையும் யாராவது எழுத வேண்டும் அல்லவா?

ரயில் பெட்டியில் ஒருமுறை பேனிக், அதாவது திடீரென்று தாக்கும் கடும் பயம், வந்த பிறகு ரயிலை விட்டேன். பிறகு பேருந்து, பிறகு லிஃப்ட், பிறகு திரையரங்கு. வீட்டில் உட்கார்ந்து சுயசிகிச்சைப் புத்தகங்களைப் படித்தேன், பயிற்சிகளை எழுதினேன், தடிமனான ஒரு நோட்டுப் புத்தகமே நிரம்பிவிட்டது. இதற்கிடையில் காலையில் எழுந்திருக்கவே மனம் வராத நிலை வந்தபோது மனைவி என்னை மனநல மருத்துவரிடம் அழைத்துச் சென்றாள். நோட்டைப் பெருமையோடு அவரிடம் நீட்டினேன். அவர் அவசரப்படாமல் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார், கடைசிப் பக்கத்துக்கு வந்தார், பின்னட்டையின் உட்புறத்தையும் பார்த்தார். “நன்றாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் போன இடம் ஒன்றுகூட இதில் இல்லையே?” என்றார்.

அவர் குத்திக்காட்டவில்லை, உண்மையாகவே தேடினார் என்பதுதான் எனக்கு உறைத்தது.

மனச்சோர்வும் சேர்ந்திருப்பதால் மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தரப்படும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரை ஒன்றைத் தொடங்கினார். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், முதல் சில நாட்களில் படபடப்பு சற்றுக் கூடினாலும் கூடலாம், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள் என்று முன்கூட்டியே சொன்னார். பேனிக் வந்தால் பாதியில் இறங்கிவிடக் கூடாது என்பதற்கான காரணத்தையும் விளக்கினார்: பயம் உச்சிக்குப் போவது பெரும்பாலும் சில நிமிடங்களுக்குள்தான், உச்சியில் இறங்கிவிடுகிறவனுக்கு அது தானாகக் கீழே வருவதைக் காணும் வாய்ப்பே கிடைப்பதில்லை. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறதா என்றும் நேராகவே கேட்டார். இல்லை என்றேன். அப்படி ஓர் எண்ணம் வருகிறவர்கள் இந்தப் பயிற்சிகளைத் தனியாக முயன்றுகொண்டிருக்காமல் அன்றைக்கே ஒரு மருத்துவரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. இது கேட்காத யோசனைதான், அனுபவசாலி ஐயாவைப் போல நானும் சொல்லிவிட்டேன்.

தவிர்த்துவந்த இடங்களையெல்லாம் எளிதானதிலிருந்து கடினமானது வரை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் எதிரே நூற்றுக்கு எவ்வளவு பயம் என்று எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார். முதலிடத்தில் பேருந்து நிறுத்தத்தில் சும்மா நிற்பதைப் போட்டு, அதைச் செய்தும் வருகிறேன். இரண்டாவதாக எதைப் போடுவது என்பதில் வீட்டில் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை. லிஃப்ட்டைப் போடலாம் என்று நான் சொல்கிறேன். பேருந்தில் ஒரு நிறுத்தம் போய்வரலாம் என்று மனைவி சொல்கிறாள். லிஃப்ட்டுக்கு நான் எழுதியிருக்கும் 40 பொய் என்பது அவள் கட்சி.