பட்ஜெட் விவாத உரைகளைச் சரிபார்ப்பது எப்படி? மின்கட்டணம், வரி, அரசுச் செலவு

கேள்வி: சாட்ஸ்வொர்த் வாசகர்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் தமிழ்ச் சங்கத்தின் இளையோர் வட்டத்தில் அடுத்த மாதம் கேப் டவுனில் உள்ள தென்னாப்பிரிக்க நாடாளுமன்றத்தின் உரைகளைப் படித்து விவாதிக்கப் போகிறோம். 2025 பட்ஜெட் இழுபறி நடந்த மாதங்களை எடுத்திருக்கிறோம். "வரியைக் கூட்டாதே, செலவைக் குறை, அரசு மின் நிறுவனமான எஸ்காமுக்குக் கொட்டிக் கொடுக்காதே" என்று வாதாடும் பழமைவாத உறுப்பினர்களின் பேச்சுதான் முக்கியப் பாடம்.

அந்தப் பக்கத்திலிருந்து வழக்கமாக வரும் வாதங்கள் நான்கு. மூன்றே ஆண்டில் மின்கட்டணம் பாதிக்கு மேல் ஏறிவிட்டது. வருமான வரி அடுக்குகளை உயர்த்தாமல் விட்டது மறைமுக வரி. எஸ்காமுக்குப் போகும் பணத்தை உபரிக் கணக்கில் (வட்டி நீங்கலாகச் செலவு போக மிஞ்சும் வரவு) அரசு காட்டுவதில்லை. வட்டிச் செலவு எல்லாவற்றையும் விழுங்குகிறது. இவற்றில் எதை எந்த ஆவணத்தில் சரிபார்ப்பது? இன்னொன்று, அவர்கள் கேட்பதையெல்லாம் செய்ய அந்த அவைக்கு அதிகாரம் உண்டா?

பதில் 1: அவைக்குறிப்பு

முதலில் உரையின் முழு வடிவத்தைக் கையில் எடுங்கள். கட்சிகள் சமூக வலைதளத்தில் போடும் ஒரு நிமிட வீடியோவை வைத்துக்கொண்டு எதையும் சரிபார்க்க முடியாது. நாடாளுமன்ற இணையதளத்தில் ஹான்சார்ட், அதாவது அவையில் பேசியதன் எழுத்துப் பதிவு, நாள்வாரியாக இருக்கிறது. திருத்தப்படாத பதிப்பு முதலில் வரும். அதில் எண்கள் தவறாகக் காதில் விழுந்து பதிவாகியிருக்கலாம், ஆகவே எண் வரும் வாக்கியத்தை மட்டும் வீடியோவோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். உறுப்பினர் ஆஃப்ரிகான்ஸிலோ ஸுலுவிலோ பேசியிருந்தால் மூலத்தை அடுத்து ஆங்கில மொழிபெயர்ப்பு இருக்கும்.

பேசும் நேரம் கட்சியின் இடங்களுக்கு ஏற்பப் பங்கிடப்படுகிறது. சின்னக் கட்சிக்காரருக்குச் சில நிமிடம்தான் கிடைக்கும், அதில் ஆதாரம் காட்ட நேரம் இருக்காது. அவர் உண்மையில் என்ன கேட்டார் என்பது நிதி நிலைக்குழுவின் கூட்டக் குறிப்பிலும் அறிக்கையிலும் இருக்கும். பார்லிமெண்டரி மானிட்டரிங் குரூப் தளத்தில் குழுக் கூட்டங்கள் தேதிவாரியாகக் கிடைக்கின்றன. அவையில் முழங்கியவர் குழுவில் திருத்தம் கொண்டுவந்தாரா என்று கட்டாயம் பாருங்கள். என்னைக் கேட்டால், ஒரு உறுப்பினரை எடைபோட இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது.

அடுத்து, உரை எந்தக் கட்டத்தில் பேசப்பட்டது என்று குறித்துக்கொள்ளுங்கள். 2009ஆம் ஆண்டின் 9ஆம் எண் பணமசோதாச் சட்டம் ஒரு வரிசை வகுத்திருக்கிறது. முதலில் நிதிக் கட்டமைப்பு: மொத்த வரவு, மொத்தச் செலவு, கடன் எவ்வளவு. அடுத்து மாகாணங்களுக்கும் நகராட்சிகளுக்குமான வருவாய்ப் பகிர்வு மசோதா. கடைசியாகத் துறைவாரி ஒதுக்கீட்டு மசோதா. மொத்தச் செலவைக் குறைக்கச் சொல்வதற்கு இடம் முதல் கட்டம். அது நிறைவேறிய பிறகு ஒதுக்கீட்டில் கொண்டுவரும் திருத்தம் ஏற்றுக்கொண்ட கட்டமைப்புக்குள் அடங்க வேண்டும். ஒரு துறைக்குக் கூட்டச் சொன்னால் எங்கே வெட்டுவது என்றும் சொல்லியாக வேண்டும். ஜூன், ஜூலையில் துறை விவாதத்தில் எழுந்து "மொத்தச் செலவைக் குறை" என்பவரின் கோரிக்கைக்கு அந்த நேரத்தில் சட்டப்படி பிடிமானம் இல்லை.

2025இல் இந்த முதல் கட்டம்தான் வெடித்தது. பிப்ரவரி 19 அன்று வர வேண்டிய பட்ஜெட் தள்ளிப்போய், மார்ச் 12 அன்று வந்தது. வாட் (மதிப்புக் கூட்டு வரி) 15 சதவீதத்திலிருந்து மே 1இல் 15.5, அடுத்த ஏப்ரலில் 16 என்று அறிவித்தார்கள். ஏப்ரல் 2 அன்று நிதிக் கட்டமைப்பு 194க்கு 182 என்ற வாக்கில் நிறைவேறியது. ஜனநாயகக் கூட்டணி (டிஏ) என்ற கட்சி கூட்டணி அரசில் இருந்துகொண்டே எதிர்த்து வாக்களித்து, நீதிமன்றமும் போனது. ஏப்ரல் 24 அன்று நிதியமைச்சகம் வாட் உயர்வைக் கைவிட்டது. ஏப்ரல் 27 அன்று மேற்கு கேப் உயர் நீதிமன்றம், தரப்புகள் ஒத்துக்கொண்டபடி, உயர்வை நிறுத்தி ஏப்ரல் 2 தீர்மானங்களையும் ரத்து செய்தது. மே 21 அன்று புது பட்ஜெட். ஆக, ஏப்ரலில் பேசிய உரையை மே பட்ஜெட்டின் எண்களோடு ஒப்பிட்டால் நல்ல உரைகூடப் பொய்யாகத் தெரியும். அந்தத் தேதியில் எந்த பட்ஜெட் ஆவணம் மேசையில் இருந்ததோ அதையே எடுங்கள்.

பதில் 2: கணக்குப்பிள்ளை

வரி விஷயத்தை மட்டும் சொல்கிறேன். அடுக்கு உயர்த்தாததை மறைமுக வரி என்பது சரியான வாதம். பொதுப் பேச்சில் ஒட்டாது என்பதால் பலர் அதை அரைகுறையாகச் சொல்லிவிட்டுத் தாண்டிவிடுகிறார்கள். உங்கள் வட்டத்தில் கரும்பலகையில் போட்டுக் காட்டுங்கள்.

2023/24 அடுக்குகள் 2024/25இலும் 2025/26இலும் அப்படியே நின்றன. 2,37,100 ராண்ட் வரை 18 சதவீதம், அதற்கு மேல் 3,70,500 வரை 26, அடுத்த அடுக்கு 31. கணக்கிட்ட வரியிலிருந்து எல்லோருக்கும் கிடைக்கும் கழிவு 17,235. ஆண்டுக்கு 3,60,000 வாங்குபவருக்கு வரி 57,397. விலைவாசிக்கு ஈடாக 5 சதவீதம் சம்பளம் கூடி 3,78,000 ஆனால் வரி 62,452. சம்பளம் 5 சதவீதம்தான் ஏறியது, வரியோ 8.8 சதவீதம் ஏறிவிட்டது. அடுக்குகளையும் கழிவையும் அதே 5 சதவீதம் உயர்த்தியிருந்தால் வரி சுமார் 60,267. மிச்சம் 2,185 ராண்ட், எந்தச் சட்ட மாற்றமும் இல்லாமல் அவர் பையிலிருந்து போகிறது. "வரி விகிதம் எதையும் கூட்டவில்லை" என்ற அமைச்சரின் பதிலும் உண்மை, உறுப்பினரின் குற்றச்சாட்டும் உண்மை.

வாட் பேச்சில் மூன்று இடத்தில் தடுக்கும். ஒன்று, 15இலிருந்து 15.5 என்றால் கடை விலை 115இலிருந்து 115.50 ஆகும். ஏற்றம் 0.43 சதவீதம், அரை சதவீதம் அல்ல. இரண்டு, பெட்ரோலும் டீசலும் வாட்டில் பூஜ்ய விகிதம். "வாட் ஏறினால் பம்பில் விலை ஏறும்" என்றால் தவறு. பம்பில் ஏறியது எரிபொருள் லெவியால் (லிட்டருக்கு இவ்வளவு என்று விதிக்கும் தனி வரி): 2025 ஜூன் 4 முதல் பெட்ரோலுக்கு லிட்டருக்கு 16 சென்ட், டீசலுக்கு 15 சென்ட். மின்கட்டணத்துக்கு மாறாக முழு வாட் உண்டு. மூன்று, அப்போதிருந்த வாட் சட்டம் 7(4)இன்படி அமைச்சர் பட்ஜெட்டில் விகித மாற்றத்தை அறிவித்தால் அது குறிப்பிட்ட தேதியில் நடைமுறைக்கு வந்துவிடும், நாடாளுமன்றம் 12 மாதத்துக்குள் சட்டமாக்கினால் போதும் என்றிருந்தது. வழக்கு மே 1க்கு முன்பே ஓடியதற்கு இதுதான் காரணம்.

எதிர்த்தவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வியும் உண்டு. வாட் உயர்வைக் கைவிட்டதால் மூன்றாண்டில் சுமார் 75 பில்லியன் ராண்ட் வருவாய் குறைந்தது. அதை எந்தச் செலவில் வெட்டுவது என்று உரையில் துறையின் பெயரோடும் தொகையோடும் இருக்கிறதா? "வீண்செலவை ஒழிப்போம்" என்றால் தொகை இல்லை என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பதில் 3: மீட்டர் பெட்டி

மின்கட்டண ஏற்றம், எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையமான நெர்சா அனுமதித்தபடி: 2023/24இல் 18.65, 2024/25இல் 12.74, 2025/26இல் மறுபடி 12.74 சதவீதம். கூட்டினால் 44.13 வரும், அது தவறு. பெருக்க வேண்டும்: 1.1865 × 1.1274 × 1.1274 = 1.508. ஆகப் பாதிக்கு மேல் என்ற வாதம் எஸ்காமிடம் நேரடியாக வாங்குவோருக்குச் சரி. நம் வீடுகளுக்கு விற்பது ஈத்தெக்வினி (டர்பன்) நகராட்சி. எஸ்காமின் நேரடி வாடிக்கையாளர்களுக்கு ஏப்ரல் 1இல் ஏறும், நகராட்சிகளுக்கு ஜூலை 1இல். நகராட்சியின் விகிதமும் வேறு. சாட்ஸ்வொர்த் வீட்டுப் பில்லை வைத்துச் சோதிப்பதானால் ஒவ்வோர் ஆண்டும் ஜூலைக்குப் பிந்தைய பில்லை எடுங்கள், நிலைக் கட்டணத்தையும் வாட்டையும் கழித்துவிட்டு யூனிட் விலையை மட்டும் ஒப்பிடுங்கள்.

கட்டணத்தை அவை நிர்ணயிப்பதில்லை. அது நெர்சாவின் வேலை. 2025/26க்கு எஸ்காம் 36.15 சதவீதம் கேட்டு 12.74தான் கிடைத்தது. "கட்டணத்தைக் குறை" என்று அமைச்சரைப் பார்த்துச் சொல்வதில் பலன் இல்லை. நெர்சா பொதுக் கருத்துக் கேட்கும்போது எழுத்தில் கொடுத்தவர் யார் என்று தேடுங்கள். அவையின் கையில் இருப்பது சட்டம். 2024ஆம் ஆண்டின் மின்சார ஒழுங்குமுறைத் திருத்தச் சட்டம் 2025 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்து, போட்டிச் சந்தைக்கு வழி திறந்தது. தனியார் உற்பத்திக்கு இருந்த உரிம உச்சவரம்பு 2021இல் 1 மெகாவாட்டிலிருந்து 100 ஆகி, 2023 ஜனவரியில் எடுக்கப்பட்டது. சந்தை வேண்டும் என்பவர்கள் பேச வேண்டிய நுணுக்கங்கள் இங்கேதான் இருக்கின்றன.

எஸ்காம் பணம் பற்றிய வாதம் பாதி சரி. 2023இல் அறிவித்த கடன் நிவாரணம் 254 பில்லியன் ராண்ட், 2025இல் 230 ஆகக் குறைத்தார்கள். இந்தத் தொகை செலவு வரிசையில் வராது, அரசு வாங்க வேண்டிய மொத்தக் கடன் அட்டவணையில் தனி வரியாக வரும். அதனால் வட்டி நீங்கலான உபரியை அது குறைக்காது, ஆனால் கடன் ஏறும். பட்ஜெட்டோடு நிதியமைச்சகம் வெளியிடும் பட்ஜெட் ரிவியூ அறிக்கையின் 7ஆம் அத்தியாயத்தைத் திறந்தால் பெயரோடு அச்சாகியிருக்கிறது. மறைத்தார்கள் என்று சொன்னால் தவறு. உபரியை மட்டும் பேசுகிறார்கள் என்று சொன்னால் சரி.

சாட்ஸ்வொர்த் வாசகர்

மிக்க நன்றி. இன்னும் ஒரு சந்தேகம். அந்த வாக்கெடுப்பு தோற்றிருந்தால் அமெரிக்காவைப் போல அரசு அலுவலகங்கள் மூடியிருக்குமா? எங்கள் வட்டத்தில் பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். வட்டி வாதத்தையும் யாரும் தொடவில்லையே.

பதில் 4: அவைக்குறிப்பு

மூடாது தம்பி. பொது நிதி மேலாண்மைச் சட்டம் பிரிவு 29 அதற்காகவே இருக்கிறது. ஒதுக்கீட்டு மசோதா நிறைவேறும் வரை முந்தைய ஆண்டு ஒதுக்கீட்டில் 45 சதவீதம் வரை முதல் நான்கு மாதத்துக்குச் செலவிடலாம், அதன் பிறகு மாதம் 10 சதவீதம். சம்பளமும் உதவித்தொகையும் தொடரும். புதுத் திட்டம்தான் தொடங்க முடியாது. "நிறைவேற்றாவிட்டால் நாடு நின்றுவிடும்" என்று ஆளுங்கட்சிப் பக்கம் மிரட்டினால் இந்தப் பிரிவைக் காட்டுங்கள்.

வட்டி: 2025/26இல் 420 பில்லியன் ராண்டைத் தாண்டுகிறது, வருவாயில் ராண்டுக்குச் சுமார் 22 சென்ட். கவனிக்க வேண்டியது கீழ் எண், அதாவது எதால் வகுக்கிறார்கள் என்பது. 22 என்பது முதன்மை பட்ஜெட் வருவாயை வைத்து. சமூகப் பாதுகாப்பு நிதிகளும் பொது நிறுவனங்களும் சேர்ந்த ஒருங்கிணைந்த செலவால் வகுத்தால் எண் சிறிதாகும். உறுப்பினர் ஓர் உரையில் இதையும் அடுத்த உரையில் அதையும் எடுத்தால் வட்டி இறங்கியதுபோலவோ ஏறியதுபோலவோ காட்டலாம். சுகாதாரத்தோடு ஒப்பிடுகிறார் என்றால் தேசியத் துறையின் ஒதுக்கீடா, மாகாண மருத்துவமனைகளும் சேர்ந்த மொத்தமா என்று பாருங்கள். தேசியத் துறை மட்டும் என்றால் அந்த ஒப்பீட்டைத் தள்ளுங்கள், மருத்துவமனைகளை நடத்துவது மாகாணங்கள்தான்.

வாக்குப் பதிவு ஹான்சார்டை விட அவை நடவடிக்கைக் குறிப்பில் தெளிவாக இருக்கும். உரைக்குப் பக்கத்தில் ஏப்ரல் 2ஆம் தேதிக் குறிப்பையும் அச்செடுத்து எல்லோருக்கும் கொடுத்துவிடுங்கள்.