படகிலிருந்து 100 மீட்டரைக் கண்ணால் அளப்பது எப்படி?

திமிங்கிலம் பார்க்கப் போகும் படகு அதனிடமிருந்து 100 மீட்டராவது தள்ளி நிற்கணும், 300 மீட்டருக்குள் வந்ததுமே வேகத்தைக் குறைக்கணும் என்பது பல நாடுகளில் உள்ள விதி. பக்கவாட்டில் இணையாகப் போகணும், முன்னால் குறுக்கே விழக்கூடாது. இதெல்லாம் படகோட்டிகளுக்குப் புரிகிறது. தூரம்தான் பிடிபடுவதில்லை. லேசர் தூரமானி பாதி நேரம் அலையைத்தான் அளக்கிறது.

இப்போதைக்குக் கையில் நிமிர்த்திப் பிடித்த ஸ்கேல்தான். கண் நீர்மட்டத்திலிருந்து 3 மீட்டர் உயரம், ஸ்கேல் கண்ணிலிருந்து 60 செ.மீ. மேல் நுனியைத் தொடுவானத்தில் வைத்தால் 17 மி.மீ. கீழே தெரிவது 100 மீட்டர், 5 மி.மீ. கீழே 300 மீட்டர். கடல் அமைதியாக இருந்தால் கச்சிதம். படகு அலையில் 1 மீட்டர் இறங்கினாலோ அதே 17 மி.மீ. கோட்டில் தெரிவது 67 மீட்டரில் இருக்கும்! பின்னால் கரை தொடுவானத்தை மறைத்தாலும் இதே கதைதான்: கரையோரக் கோட்டிலிருந்து அளந்தால், கிட்டே இருப்பது தூரமாகத் தெரியும்.

அலையில் எந்தக் கணத்தில் அளக்கிறீர்கள்: படகு உச்சியில் இருக்கும்போதா, சில அலைகளுக்குச் சராசரியா? கரை மறைக்கும் இடத்தில் என்ன செய்கிறீர்கள்? 100 மீட்டர் கயிற்றில் மிதவை கட்டிப் படகோட்டிகளுக்குக் கண்பழக்கம் தந்தவர்கள் இருந்தால், எத்தனை நாளில் அது மறந்துபோகிறது என்றும் சொல்லுங்கள்.