மறு: ‘டைனமிக் ஐபி’, ‘லேட்டன்சி’: தமிழில் என்ன சொல்வது?

அன்புள்ள குழு நண்பர்களுக்கு,

வீட்டு இணையம் பற்றிய கையேட்டுக்கு இந்த இரண்டு சொற்களையும் ஒரே இழையில் பேசித் தீர்க்க வேண்டும் என்று தக்கலை நண்பர் கேட்டிருந்தார். நியாயம்தான். இரண்டும் நம் குமரி மாவட்டத்துச் செம்புக் கம்பியில் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் முகவரி. இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் எண்தான் ஐபி முகவரி; அதை நிலையாகத் தராமல் அவ்வப்போது தருவது ‘டைனமிக்’ வகை.

> பாடநூலில் ‘டைனமிக்’ என்றால் ‘இயங்கு’. ஆகவே ‘இயங்கு ஐபி முகவரி’ என்று வைத்துவிடலாம்.

விசையையும் அசைவையும் படிக்கும் இடத்தில் ‘இயங்கு’ பொருந்தும். இங்கே எது இயங்குகிறது? முகவரி ஒரு எண். அது கொடுக்கப்படுகிறது, பிறகு எடுத்துக்கொள்ளப்படுகிறது. ‘இயங்கு முகவரி’ என்று படிக்கும் மாணவர் மற்றவை எல்லாம் இயங்காத, பழுதான முகவரிகள் என்று நினைத்துக்கொள்வார்.

> அப்படியானால் ‘மாறும் முகவரி’. குழந்தைக்கும் புரியும்.

புரியும், ஆனால் தவறாகப் புரியும். தொலைபேசிச் செம்புக் கம்பி வழியே வரும் டிஎஸ்எல் இணைப்பில் நடப்பதைப் பாருங்கள். மோடம் முதலில் எக்ஸ்சேஞ்சில் இருக்கும் கருவியோடு ஒத்திசைந்துகொள்கிறது. பிறகு பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் அனுப்பி ஓர் அமர்வைத் தொடங்குகிறது. பெரும்பாலான வீடுகளில் இதற்குப் பயன்படுவது பிபிபிஓஇ என்ற நெறிமுறை. இணைய நெறிமுறைகளை விவரிக்கும் ஆர்எஃப்சி ஆவண வரிசையில், 1999-இல் ஆர்எஃப்சி 2516 ஆக வெளியானது. அமர்வு தொடங்கும்போது நிறுவனம் தன் கையிருப்பில் சும்மா கிடக்கும் ஓர் எண்ணை எடுத்துக் கொடுக்கிறது. அமர்வு அறுந்தால் எண் கையிருப்புக்குத் திரும்புகிறது. அடுத்த அமர்வுக்குப் பெரும்பாலும் வேறோர் எண் வருகிறது.

அமர்வு அறாவிட்டால்? எண் மாறாது. எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்தில் நல்ல கம்பி உள்ள வீட்டில் வாரக்கணக்கில் ஒரே முகவரி இருக்கலாம். குளச்சல் கடற்கரையோர வீட்டில் ஒரே மழைநாளில் பலமுறை மாறலாம். இருவருக்கும் ஒரே வகை இணைப்பு, ஒரே கட்டணம். ஆகவே மாறுவது இந்த முகவரியின் இயல்பு அன்று. எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறப்படலாம் என்பதுதான் அதன் இயல்பு. பெயர் அந்த உரிமை நிலையைச் சொல்ல வேண்டும்.

எனவே என் முன்மொழிவு: இரவல் முகவரி. கூடுதல் கட்டணம் செலுத்தி வாங்குவது நிலை முகவரி. அதைச் ‘சொந்த முகவரி’ என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நிறுவனத்தை மாற்றினால் அதையும் விட்டுவிட்டுத்தான் போகவேண்டும்.

> எங்கள் விளவங்கோடு பக்கம் ‘பாட்டம்’ என்ற சொல் இன்னும் இருக்கிறது. ‘பாட்ட முகவரி’ ஆகாதா?

ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் பாட்டமோ குத்தகையோ, இரண்டுக்கும் தவணை உண்டு. டிஎச்சிபி என்ற வேறொரு முறையில் முகவரியைக் கொடுக்கும்போதே ‘இத்தனை நேரத்துக்கு’ என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். உங்கள் வீட்டு வைஃபை பெட்டி கைபேசிக்கு முகவரி தருவது அந்த முறையில்தான். அங்கே ‘குத்தகைக் காலம்’ கச்சிதமாகப் பொருந்தும். அதை அதற்கே வைத்துக்கொள்வோம். பிபிபிஓஇ அமர்வில் முன்கூட்டிச் சொன்ன தவணை கிடையாது. இருக்கும் வரை இருக்கும்.

> ‘இரவல்’ என்றால் கொஞ்சம் இழிவாகத் தொனிக்கிறது.

தொனிக்கட்டும். ‘இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறியாதே’ என்ற எச்சரிக்கை இங்கே தேவையாகவே இருக்கிறது. குலசேகரத்தில் ரப்பர் தோட்டத்து வீட்டில் கேமரா மாட்டி, அன்றைய முகவரி எண்ணைத் தாளில் குறித்துக்கொண்டு வளைகுடாவுக்கு விமானம் ஏறுகிறவர் நம் மாவட்டத்தில் அரிதானவர் அல்லர். அங்கே போய் இறங்கும்போது அந்த எண் வேறு யாரோ ஒருவர் வீட்டு மோடத்தைக் காட்டக்கூடும். ‘இரவல்’ என்று படித்திருந்தால் அவருக்கு ஓர் ஐயமாவது வந்திருக்கும். முகவரி மாறினாலும் ஒரே பெயரால் வீட்டை அடைய உதவும் சேவைக்கு இந்த வழியிலேயே ‘நிலைப்பெயர்ச் சேவை’ என்று வைக்கலாம். முகவரி இரவல், பெயர் நிலை.

இன்னொன்றையும் அகராதியில் சேர்க்க வேண்டும். ஐபி நான்காம் பதிப்பில் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள்தாம். உலக அளவிலான பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துபோனது. அதன் பிறகு பல நிறுவனங்கள் நிறைய வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் நிறுத்துகின்றன. உங்கள் மோடத்தில் தெரியும் எண் 100.64 முதல் 100.127 வரையிலான ஏதோ ஒன்றில் தொடங்கினால் நீங்கள் அந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள். அது இரவல்கூட அன்று, கூட்டு முகவரி. அங்கே நிலைப்பெயர்ச் சேவையும் கைகொடுக்காது, ஏனென்றால் வெளியிலிருந்து வருகிற அழைப்பு எந்த வீட்டுக்கு என்று தெரியாது.

இனி லேட்டன்சி, அதாவது ஒரு தகவல் இணையத்தில் போய்ச்சேர ஆகும் நேரம்.

‘மறைநிலை’ என்று ஒரு பட்டியலில் பார்த்ததாக ஒருவர் எழுதியிருந்தார். அகராதியைத் திறந்து ‘லேட்டன்ட்’ (மறைந்திருக்கும்) என்ற பக்கத்துச் சொல்லை எடுத்ததன் விளைவு இது. உள்ளுறை வெப்பத்தில் வெப்பம் மறைந்திருக்கிறது, சரி. இணையத்தில் எதுவும் மறைந்திருக்கவில்லை; நன்றாகவே தெரிந்து தொல்லை தருகிறது.

> ‘தாமதம்’ போதாதா? நம் ஊர்ப் பேச்சில் ‘தாமசம்’ என்றே சொல்கிறோம்.

‘தாமசம்’ கேட்க இனிமைதான். ஆனால் நம் மாவட்டத்தின் மேற்குப் பக்கம் ‘எங்கே தாமசம்?’ என்றால் எங்கே குடியிருக்கிறாய் என்று பொருள். முகவரியும் காலமும் ஒரே கையேட்டில் வரும்போது இதைவிடப் பெரிய குழப்பத்தை யாரும் திட்டமிட்டு உண்டாக்க முடியாது!

‘தாமதம்’ என்பதில் வேறு தடை. குறித்த நேரம் ஒன்று இருந்து, அது தவறினால்தான் தாமதம். நாகர்கோவிலிலிருந்து சென்னைக்கு 700 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. போக 3.5 மில்லிநொடி, வர 3.5. இந்த 7 மில்லிநொடி யாருடைய தவறும் அன்று. எந்த நிறுவனத்தைத் திட்டினாலும் குறையாது. இதைத் தாமதம் என்று சொல்வது சென்னை தொலைவில் இருப்பதைக் குற்றம் சொல்வதாகும்.

ஆகவே இங்கே ஒரே சொல்லில் அடங்க வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டுவிடலாம். அளந்து பெறும் எண்ணுக்குப் போய்வரு நேரம். 1983-இல் மைக் மூஸ் எழுதிய ‘பிங்’ நிரல் காட்டுவது இதைத்தான். போய்த் திரும்பிய மொத்த நேரம். அதில் தொலைவுக்கு உரியது போக எஞ்சுவது சுணக்கம். ‘பணிகள் சுணக்கம்’ என்று செய்தித்தாள்கள் எழுதும் அதே சொல், அதே பொருள். யாரோ எங்கோ கவனித்தால் குறையக்கூடியது. ‘சுணங்குகிறது’ என்று வினையாகவும் வரும். ‘மறைநிலை’யை வினையாக்கிப் பாருங்கள்!

சங்க இலக்கியத்தில் ‘சுணங்கு’ என்பது தலைவியின் மேனியில் தோன்றும் அழகுத் தேமல் என்று பேராசிரியர் ஐயா நினைவூட்டியிருக்கிறார். ‘சுணங்கன்’ என்றால் நாய் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். மோடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இரண்டும் நினைவுக்கு வரப்போவதில்லை.

டிஎஸ்எல்லில் சுணக்கம் எங்கிருந்து வருகிறது என்பதை வைத்துத்தான் கூட்டுச்சொற்கள் அமையும். பெரிய பங்கு வரிசைச் சுணக்கம். மேலேற்றும் பாதை குறுகலானது. நொடிக்கு 512 கிலோபிட் வேகத்தில், 1500 பைட் அளவுள்ள ஒரு பொதி (தரவைப் பிரித்து அனுப்பும் சிறு துண்டு) வெளியேற ஏறத்தாழ 23 மில்லிநொடி ஆகும். வீட்டில் ஒரு கைபேசி திருமணப் படங்களை மேலேற்றிக்கொண்டிருக்க, உங்கள் சிறு பொதிக்கு முன்னால் அதுபோல் பத்துப் பொதிகள் நின்றால் 230 மில்லிநொடி அங்கேயே போய்விட்டது. பொதி இன்னும் வாசலைத் தாண்டவில்லை. சென்னை வரை போய்வருவதற்கே 7 போதும் என்றோமே, ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். சுற்றுவழிச் சுணக்கம் இன்னொரு வகை. திருவனந்தபுரம் நமக்கு அண்டைவீடு. ஆனால் இரு நிறுவனங்களின் வலைகளும் மும்பையில்தான் சந்திக்கின்றன என்றால் பொதி மும்பைக்குப் போய்த்தான் திருவனந்தபுரம் வரும்.

மூன்றாவது, கம்பியிலேயே பிறக்கும் சுணக்கம். இங்கேதான் முகவரியும் சேர்ந்துகொள்கிறது. நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு, மூன்று பக்கமும் உப்புக்காற்று உண்டு. கம்பத்துக் கம்பி இணைப்புகளில் செம்பு அரித்து இரைச்சல் ஏறுகிறது. இரைச்சலைச் சமாளிக்க, தரவை வரிசைப்படி அனுப்பாமல் கலைத்துப் பரப்பி அனுப்பும் ஓர் ஏற்பாடு டிஎஸ்எல்லில் இருக்கிறது. ஒரு கரகரப்பு வந்தால் ஒவ்வொரு தொகுதியிலும் கொஞ்சம்தான் கெடும், பிழைதிருத்தம் அதை மீட்டுவிடும். ஆனால் மறுமுனை எல்லாத் துண்டுகளும் வரும்வரை காத்திருந்துதான் அடுக்க முடியும். அந்தக் காத்திருப்பு பல மில்லிநொடி. இந்த ஏற்பாட்டுக்குக் கலைத்தடுக்கல் என்று வைக்கலாம். இரைச்சல் அதையும் மீறினால் ஒத்திசைவு அறும், அதோடு அமர்வு அறும், இரவல் முகவரி திரும்பிப் போகும். அரித்த ஒரே இணைப்புதான் சுணக்கத்தையும் தருகிறது, முகவரியையும் மாற்றுகிறது.

> மோடத்தை அணைத்துப் போட்டால் புது முகவரி வருகிறது, விளையாட்டும் வேகமாகிறது. ஆக முகவரிக்கும் சுணக்கத்துக்கும் தொடர்பு உண்டே?

மார்த்தாண்டத்துத் தம்பி சொல்லும் இந்த நம்பிக்கை பரவலானது. அணைத்துப் போடும்போது மோடத்தில் தேங்கிய வரிசை கலைகிறது, நெடுநேரம் ஓடிய பதிவிறக்கங்கள் நிற்கின்றன, கம்பியோடு புதிதாக ஒத்திசைவு நடக்கிறது. வேகம் வந்தது இவற்றால். புது எண் கூடவே வந்ததால் பாராட்டை அது தட்டிக்கொண்டு போகிறது. அடுத்த முறை அணைப்பதற்கு முன் வீட்டில் யார் எதை மேலேற்றுகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள், தம்பி.

கண்ணாடி இழை வந்துவிட்டதே, டிஎஸ்எல் சொற்கள் இனி எதற்கு என்ற கேள்விக்கு ஒரு வரி: இழை இணைப்புகள் பலவற்றிலும் இதே பிபிபிஓஇ அமர்வுதான். கலைத்தடுக்கல் மட்டும் பழைய சொல்லாகலாம்.

எனக்கு இன்னும் பிடிபடாதது ‘ஜிட்டர்’. போய்வரு நேரம் ஒரு பொதிக்கு 30, அடுத்ததற்கு 90, அதற்கடுத்ததற்கு 40 என்று தாவுவது. ‘நடுக்கம்’ என்றால் காய்ச்சல் நினைவுக்கு வருகிறது, ‘அலைவு’ என்றால் ஊசல். குரல் அழைப்பு திக்கித் திக்கி வருவதற்குக் காரணமே இதுதான் என்பதால் ‘திக்கல்’ என்று எழுதிப் பார்த்தேன்; அது விளைவின் பெயராகிவிடுகிறது. தக்கலை நண்பரும் பேராசிரியர் ஐயாவும் இதற்கு ஏதாவது சொல்லுங்கள். மற்ற சொற்களுக்கு மறுப்பு இல்லையென்றால் கையேட்டின் வரைவில் ஏற்றிவிடுகிறேன்.

அன்புடன்,
வடசேரியிலிருந்து