கணக்கிடுவதைக் கணினியிடம் விட்டால் வகுப்பில் எதை நடத்துவது?

கணக்கு மிஸ், அஸ்தம்பட்டி:
வணக்கம். சேலத்தில் ஒரு கலைக் கல்லூரியில் 11 வருடமாகக் கணிதம் நடத்துகிறேன். கணிதக் கல்வியைக் கணினியோடு சேர்த்து மாற்ற வேண்டும் என்று வாதிடும் கான்ராட் வுல்ஃப்ராம் 2010-இல் டெட் (TED) சொற்பொழிவு மேடையில் பேசியதைக் கேட்டதிலிருந்து மனம் அதிலேயே நிற்கிறது. கேள்வியைச் சரியாக வகுப்பது, அதைக் கணித வடிவத்துக்குக் கொண்டுவருவது, கணக்கிடுவது, வந்த விடையை நிஜத்தோடு ஒத்துப்பார்ப்பது என்று நான்கு படிகள் சொல்கிறார், நாம் வகுப்பு நேரத்தையெல்லாம் மூன்றாவது படியிலேயே கரைக்கிறோம், அதைத்தான் கணினி நம்மைவிட நன்றாகச் செய்கிறது என்கிறார். என் இரண்டாமாண்டுப் பிள்ளைகள் தொகையிடலைப் பக்கம் பக்கமாகப் போடுகிறார்கள், இந்த விடை எதைச் சொல்கிறது என்று கேட்டால் திகைத்துப் போகிறார்கள். கணினி ஆய்வகத்தில் வாரம் ஒரு மணி நேரம் வாங்கியிருக்கிறேன். நம் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரிந்த எதை வைத்துத் தொடங்கலாம்?

மேட்டூர்வாசி:
அணையை வைத்துத் தொடங்குங்கள் மேடம். தினமும் பேப்பரில் நீர்மட்டம் அடியிலும் இருப்பு டி.எம்.சி.யிலும் வருகிறது. 120 அடி நிரம்பினால் 93.47 டி.எம்.சி., அப்படியென்றால் 60 அடியில் எவ்வளவு என்று முதலில் கேளுங்கள். பாதி என்பார்கள். பாதி கிடையாது, பள்ளத்தாக்கு மேலே போகப் போக விரிகிறது, அதனால் பாதிக்கும் வெகு கீழே நிற்கும். வெவ்வேறு மாதங்களிலிருந்து முப்பது நாள் எண்களைத் திரட்டி ஜியோஜீப்ரா என்ற வரைபடக் கணித மென்பொருளில் புள்ளிகளாக வைத்து, எந்த வளைவரை பொருந்துகிறது என்று அவர்களே தேடட்டும். அப்புறம்தான் ருசியான இடம். ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி, மட்டம் ஒரு அடி ஏறும்போது எத்தனை கன அடி கூடுகிறது என்று பார்த்தால் கிடைப்பது சதுர அடி, அதாவது அந்த மட்டத்தில் தண்ணீர் பரவி நிற்கும் பரப்பு. வகைக்கெழு கண்ணெதிரே ஏரியாக விரிந்து கிடக்கும். அந்தப் பரப்பைத் தொகையிட்டால் திரும்பவும் கொள்ளளவு.

ஓமலூர் ஆசிரியர்:
அணை யோசனை அருமை. ஆனால் கைக்கணக்கை முழுதாகக் கைவிட்டுவிடாதீர்கள், இதை 20 வருட அனுபவத்தில் சொல்கிறேன். பைத்தான் என்ற நிரல் மொழியில் 0.1 + 0.2 என்று அடித்தால் 0.30000000000000004 என்று வரும். இரும முறையில் அந்தத் தசமங்கள் முடிவில்லாமல் நீள்கின்றன, கணினி ஓர் இடத்தில் வெட்டித்தான் சேமிக்கிறது. தோராயமாக மனக்கணக்குப் போடத் தெரிந்த பிள்ளைதான் திரையில் வந்த விடையைச் சந்தேகப்படும்.

ஏற்காட்டு மாணவி:
மேடம், ஆய்வகத்தோடு நிறுத்தாதீர்கள். எங்கள் வீட்டில் கணினி இல்லை, ஜியோஜீப்ராவை போனில் ஏற்றி வைத்திருக்கிறேன், நெட் இல்லாமலும் ஓடுகிறது. இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிக் கல்லூரிக்கு வரும் நேரத்தில், பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால், பரவளையத்தின் கெழுக்களை நகர்த்திப் பார்த்துக்கொண்டே வருவேன். வகுப்பில் புரியாத பல விஷயம் அப்படித்தான் எனக்குப் பிடிபட்டது.

கணக்கு மிஸ், அஸ்தம்பட்டி:
எல்லாருக்கும் நன்றி. ஓமலூர் சார் சொன்னபடி, 60 அடிக்கு எவ்வளவு என்று ஆளுக்கொரு மதிப்பைத் தாளில் எழுதி வாங்கிக்கொண்டுதான் கணினியைத் திறக்கச் சொல்லப் போகிறேன். மேட்டூர் சார், பழைய பேப்பர் கட்டு உங்களிடம் இருக்குமா? கோடையில் மட்டம் இறங்கிய நாட்களின் எண்கள்தான் எனக்கு முக்கியமாக வேண்டும்.