இரட்டை அதிர்வெண் இருக்கும்போது அயனி மண்டல ஆய்வு எதற்கு?

கேள்வி:
ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் 1575.42, 1227.60 மெகாஹெர்ட்ஸ் ஆகிய அதிர்வெண்களில் சமிக்ஞை அனுப்புகின்றன. வளிமண்டலத்தின் மேற்பகுதியில், சூரியக் கதிர்களால் எலக்ட்ரான்கள் பிரிந்து கிடக்கும் அயனி மண்டலத்தில் சமிக்ஞைக்கு ஏற்படும் தாமதம் அதிர்வெண்ணின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் இருப்பதால், இரண்டையும் ஒப்பிட்டு அந்தப் பிழையைப் பெரும்பாலும் நீக்கிவிடலாம் என்று படித்தேன். அப்படியானால் இம்மண்டலத்தைத் தனியே ஆராயும் தேவை இன்னும் இருக்கிறதா?

மறுமொழி 1:
நீங்கள் படித்தது சரியே. ஆனால் சமிக்ஞை அறுபடாமல் வந்து சேர்ந்தால்தான் அந்தக் கணக்கு செல்லும். புவியின் காந்தப்புலம் தரைக்கு இணையாக அமையும் காந்த நடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில், சூரியன் மறைந்ததும் கீழடுக்குகளின் எலக்ட்ரான்கள் அயனிகளோடு விரைவாக இணைந்து குறைந்துவிட, அயனி மண்டலத்தின் உயரமான எஃப் அடுக்கு மேலெழுகிறது. அப்போது அதன் அடிப்பகுதியில் உருவாகும் அடர்த்தி குறைந்த பிளாஸ்மா (எலக்ட்ரான்களும் அயனிகளும் கலந்த வாயு) குமிழிகள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உயரத்துக்கு வளர்கின்றன. அவற்றினூடே வரும் சமிக்ஞையின் வலிமை கடுமையாக ஏறி இறங்குவதால் அலைவாங்கி அதைத் தவறவிடுகிறது. பிறகு ஒப்பிட எதுவும் இல்லை. குமிழிகள் எந்த இரவில் தோன்றும் என்று முன்கூட்டியே சொல்வது இன்றும் கடினம் என்பதே என்னை இத்துறையில் பிடித்து வைத்திருக்கிறது. 1963இல் கேரளத்தின் தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் அமைந்ததற்கும், பெருவின் ஹிகமார்காவில் பெரிய ரேடார் நிறுவப்பட்டதற்கும் காந்த நடுக்கோட்டின் அண்மையே முக்கியக் காரணம்.

மறுமொழி 2:
வழிகாட்டலோடு நிறுத்த வேண்டாம். அயனி மண்டலத்தின் ஒரு கனமீட்டரில் லட்சம் கோடி எலக்ட்ரான்கள் இருந்தால், ஏறத்தாழ 9 மெகாஹெர்ட்ஸுக்குக் குறைந்த விண்வெளி ரேடியோ அலைகள் தரையை எட்டாமல் திருப்பப்படுகின்றன. அந்த அலைகளைக் கேட்பதற்காகவே 1973இல் நாசா ஒரு செயற்கைக்கோளை நிலவின் சுற்றுப்பாதைக்கு அனுப்பியது. அதற்கு மேற்பட்ட அதிர்வெண்களிலும் தொல்லை தீர்வதில்லை: ஐரோப்பாவின் லோஃபார் ரேடியோ தொலைநோக்கியில் விண்மூலங்கள் இடம் மாறித் தெரிகின்றன, அவற்றின் தளவிளைவுத் திசையும் (அலையின் மின்புலம் அதிரும் திசை) சுழல்கிறது. இதைத் திருத்தாமல் தொலைவிலுள்ள காந்தப்புலங்களை அளக்க இயலாது.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. நீக்கப்படும் அந்தத் தாமதத்துக்கு வேறு பயன் உண்டா?

மறுமொழி 3:
நிச்சயமாக உண்டு, ஐயா. சமிக்ஞையின் பாதை நெடுகிலும், ஒரு சதுரமீட்டர் குறுக்குவெட்டுக்குள் மொத்தம் 10¹⁶ எலக்ட்ரான்கள் இருந்தால், முதல் அதிர்வெண்ணில் தொலைவு சுமார் 16 சென்டிமீட்டர் கூடுதலாகத் தெரியும். ஆகவே தாமதத்திலிருந்து எலக்ட்ரான்களின் அளவைத் திரும்பக் கணக்கிடலாம். 2011 மார்ச் 11 ஜப்பான் நிலநடுக்கத்தின்போது கடல்மட்டம் எழுப்பிய அழுத்த அலைகள் ஏறத்தாழ பத்து நிமிடங்களில் அயனி மண்டலத்தை எட்டின. அந்நாட்டின் அடர்ந்த ஜி.பி.எஸ். நிலையங்கள், வட்டவட்டமாகப் பரவிய அந்த அதிர்வை எலக்ட்ரான் அளவின் ஏற்றத்தாழ்வாகவே பதிவு செய்திருந்தன.