சர்க்யூட் பெட்டி: 3டி பிரிண்டரா, லேசர் கட்டரா?

கேள்வி:
செடித்தொட்டிகளுக்குத் தானாகத் தண்ணீர் விடும் சின்ன சர்க்யூட் ஒன்று செய்திருக்கிறேன். அதை வைக்க 20 செ.மீ. நீளம், 15 செ.மீ. அகலம், 8 செ.மீ. உயரத்தில் ஒரு பெட்டி வேண்டும். நான் போகும் மேக்கர்ஸ்பேஸில் (எல்லோரும் பகிர்ந்து பயன்படுத்தும் பட்டறை) 3டி பிரிண்டர், லேசர் கட்டர், கணினி சொல்படி மரம் செதுக்கும் சிஎன்சி ரவுட்டர் மூன்றும் உண்டு. எனக்குப் பழக்கம் பிரிண்டர் மட்டும்தான். ஸ்லைசரில் (பிரிண்டுக்குத் தயார் செய்யும் மென்பொருள்) போட்டுப் பார்த்தால் 19 மணி நேரம் என்கிறது. அவ்வளவு நேரம் மெஷினை நானே பிடித்துவைக்க மனம் வரவில்லை. வேறு வழி உண்டா?

பதில்:
பெட்டி என்பது ஆறு தட்டைப் பலகைதானே? லேசர் கட்டரில் 3 மி.மீ. ப்ளைவுட் போட்டால் சில நிமிட வேலை. ஒயர் நுழையும் வளையம், போர்டைத் தாங்கும் கால்கள், இவற்றை மட்டும் பிரிண்ட் செய்யுங்கள். சிஎன்சி தடிமனான மரத்துக்குச் சரி. அதன் பிட் (சுழன்று வெட்டும் முனை) உருண்டை என்பதால் உள்மூலைகள் வளைந்தே வரும், பலகை ஓரங்களைப் பல்போல வெட்டி ஒன்றுக்குள் ஒன்று கோக்கும் மெல்லிய பல் இணைப்புக்கு ஒத்துவராது.

வரைவதற்கு முன் பலகையை வெர்னியர் காலிப்பரால் அளந்துவிடுங்கள். இதைக் கெஞ்சியே கேட்கிறேன். 3 மி.மீ. என்று நம்பி நான் வாங்கிய ப்ளைவுட் உண்மையில் 2.7தான் இருந்தது. பல்லெல்லாம் வெளியே துருத்திக்கொண்டு நின்றன. பெட்டியைத் தூக்கினேன், அடிப்பலகை கையோடு வரவில்லை.

அது கழன்றதற்குக் காரணம் வேறு. லேசர் வெட்டும் கோட்டுக்கும் அகலம் உண்டு, அந்த அளவு மரம் எரிந்துபோகும். 10 மி.மீ. அகலத்தில் பத்து துண்டுகளை அடுத்தடுத்து, இரண்டு துண்டுக்கு நடுவில் ஒரே கோடாக வெட்டுங்கள். சேர்த்து வைத்து அளந்தால் 100 இருக்காது. குறைவதைப் பத்தால் வகுத்தால் வெட்டு அகலம் கிடைக்கும். அதில் பாதியை ஒவ்வொரு விளிம்பிலும் கூட்டி வரையுங்கள்.

இன்னொருவர்:
மேலே சொன்னது சரி. ஆனால் மேக்கர்ஸ்பேஸில் மிச்சமாகக் கிடக்கும் பிளாஸ்டிக் தகடு எதையும் இன்னதென்று தெரியாமல் லேசரில் வைக்காதீர்கள். அக்ரிலிக் என்றால் அழகாக வெட்டும். பிவிசி என்றால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். நுரையீரலுக்கும் கேடு, மெஷினின் இரும்புப் பாகங்களும் துருப்பிடிக்கும். அப்புறம், வெட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். ப்ளைவுட் தீப்பற்றக்கூடியது.

கேள்வி கேட்டவர்:
அண்ணா, பத்து துண்டும் சேர்ந்து 98.5 வந்தது. ஆக வெட்டு அகலம் 0.15. பலகை 2.8. அதன்படி மாற்றி வரைந்து நேற்று வெட்டினேன். உள்ளங்கையால் அழுத்தினால் பல் 'டக்'கென்று உட்காருகிறது, பசையே தேவைப்படவில்லை. கால்கள் நான்கும் இப்போது பிரிண்டரில் ஓடிக்கொண்டிருக்கின்றன, 40 நிமிடம்தான். மூடிக்கு மட்டும் அக்ரிலிக் போடலாம் என்றிருக்கிறேன். அதற்கும் வெட்டு அகலத்தைப் புதிதாக அளக்க வேண்டுமா?

பதில்:
ஆமாம், அளந்துவிடுங்கள். பொருள் மாறினால் வேகமும் பவரும் மாறும், அகலமும் கூடவே மாறும். அக்ரிலிக் மரம்போல விட்டுக்கொடுக்காது, இறுக்கினால் விரிசல் விடும். கொஞ்சம் தளர்வாகவே வையுங்கள்.